எறும்புக்கு எட்டுக் கால்: மேக்ரோ படத்தை எப்படிப் பகிர்வது

[படம்: மாவிலையின் மேல் செந்நிற எறும்பு ஒன்று]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மாமரத்துச் சிவப்பு எறும்பான முசுறு என்றுதான் நானும் நினைத்தேன். மேக்ரோ, அதாவது சிற்றுயிர்களை மிக நெருக்கத்தில் படம் எடுக்கும் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் "முசுறு" என்ற ஒரே சொல்லோடு அனுப்பினேன். குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, காலை எண்ணிப் பார்த்தீங்களா?"

[படம் மெல்லப் பெரிதாகிறது]

எண்ணினேன், எட்டு! முசுறு வேடம் போடும் குதிக்கும் சிலந்தி இது, பெயர் மிர்மாபிளாட்டா. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். ஆணுக்குத் தாடை நீளம். இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போவது போலவே இருக்கும். முசுறு கடித்து அமிலம் பீய்ச்சும் என்பதால் பல உயிர்கள் அதை நெருங்காது. அந்தப் பயம்தான் இந்தச் சிலந்திக்குக் காவல்.

படத்தை அனுப்பியதால்தான் எனக்கு இது தெரிந்தது. ஆனால் அவர் மேலும் கேட்டார்: எவ்வளவு நீளம்? ஒரே படமா, பல படங்களை அடுக்கிய ஸ்டாக்கா? எந்தச் செடி? செடியைத் தவிர எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து படத்தோடு குறிப்பும் சேர்த்தே அனுப்புகிறேன்.

முதலில் அளவு. மேக்ரோ படத்தில் எல்லாமே பெரிதாகத் தெரியும். 1:1 என்றால், உயிரின் உண்மை அளவே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழுகிறது என்று பொருள். ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய வகை சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதில் 6 மி.மீ. சிலந்தி அகலத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். அதுவே படம் முழுக்க நிறைந்திருந்தால், உருப்பெருக்கம் 1:1-ஐத் தாண்டியிருக்கிறது, அல்லது படத்தின் ஓரங்களை வெட்டி கிராப் செய்திருக்கிறார்கள். எது என்று சொல்லிவிடுங்கள்.

[படம்: கண் மட்டும் தெளிந்த சிலந்தி, அடுத்து, முழுதும் தெளிந்த அதே சிலந்தி]

ஸ்டாக் பற்றியும் மறைக்காதீர்கள். 1:1-இல் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவு கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். கண் தெளிந்தால் கால் மங்கும். துளையை இன்னும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுதுமே மழுங்கிவிடும். அதனால்தான் ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி இருபது, முப்பது படம் எடுத்து ஒன்றாக அடுக்குகிறோம். இதைச் சொல்லாமல் விட்டால், பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டி ஆசையோடு பழகுகிற ஒரு புதியவர், தன் கையில்தான் குறை என்று நினைத்து மனம் உடைந்துபோவார். நான் அப்படி ஓராண்டு தவித்தவன்.

ஒளிக்கு, செல்போனில் உங்கள் ஃபிளாஷையும், அதன் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசரையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். நூறு வார்த்தை எழுத வேண்டாம். அனுபவசாலிகள் சிலந்தியின் கண்ணில் மின்னும் வெள்ளை வடிவத்தைப் பார்த்தே டிஃப்யூசரின் அளவைச் சொல்லிவிடுவார்கள்!

அப்புறம், உயிரா, இறந்ததா என்பது. அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதிகாலைக் குளிரில் தட்டான் தானாகவே அசையாமல் இருக்கும். கொஞ்சம் முன்னால் எழுந்தால் போதும்.

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்று டாக்குமெண்டாக அனுப்புவோம். அதில் ஒரு கவனம் தேவை: செல்போனில் எடுத்திருந்தால் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் கூடவே போகலாம். மாவிலைச் சிலந்திக்குப் பரவாயில்லை. ஆந்திரக் காடுகளின் நீல டாரன்டுலா போன்றவை வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிக்கப்படுபவை. அப்படிப்பட்ட உயிர் என்றால் இடத்தை நீக்கிவிட்டு, மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள்.

[படம்: அதே மாமரம், மற்றொரு காலை]

மறுவாரம் அதே மரத்துக்குப் போனேன். இம்முறை அனுப்பிய குறிப்பு: "மாவிலை, நெஞ்சு உயரம். சுமார் 10 மி.மீ. எஃப் 11, ஒரே படம், கிராப் செய்தது. உயிருள்ளது, முன்காலை ஆட்டியது."

உடனே மூத்தவரிடமிருந்து பதில்: "பக்கத்துல முசுறுக் கூடு இருந்துச்சா?"

இருந்தது. அடுத்த கிளையிலேயே.