எந்தச் சராசரி என்று எழுதாத காப்புரிமை

நேயர்களுக்கு வணக்கம். ஒட்டல் தடுப்புப் படலத்துக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதும்போது எண்களை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இன்று பார்ப்போம். வயிற்றிலோ இடுப்புக்குழியிலோ அறுவை சிகிச்சை நடந்தபின், காயம்பட்ட பரப்புகள் ஆறும்போது குடல் வயிற்றுச்சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம். குடலடைப்பு, தீராத வலி, குழந்தையின்மை என்று அது நோயாளியை ஆண்டுக்கணக்கில் வதைக்கும். ஆறத் தொடங்கும் நாட்களில் பரப்புகளைப் பிரித்துவைத்துப் பிறகு கரைந்துபோவதுதான் ஒட்டல் தடுப்புப் படலம். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற செப்ராஃபிலிம் என்ற படலத்தில் ஹயலூரோனிக் அமிலம், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற இரண்டு பாலிமர்கள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், இருக்கின்றன. 24 முதல் 48 மணி நேரத்தில் அது கூழாகி, 7 நாள் வரை அங்கேயே தங்கும்.

எத்தனை நாள் தங்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் மூலக்கூறு எடையும் படலத்தின் தடிமனும் முக்கியமானவை. அதனால் காப்புரிமையின் எல்லையை வரையும் உரிமைக்கோரிக்கையில் இந்த எண்கள் ஏறிவிடுகின்றன, சண்டையும் அங்கேதான் மூளுகிறது. பாலிமரில் நீளமான சங்கிலியும் குட்டையானதும் கலந்தே இருக்கும். சங்கிலிகளின் எண்ணிக்கையை வைத்து எண்ணிக்கைச் சராசரி, கனமான சங்கிலிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து எடைச் சராசரி, பரவல் வரைபடத்தின் உச்சியை வைத்து உச்சி மதிப்பு என மூன்று விதமாகக் கணக்கிட்டால் ஒரே மாதிரிக்கு மூன்று விடை வரும்.

கோபாக்சோன் என்ற பாலிமர் வகை மருந்தின் அமெரிக்க வழக்கு இதற்கு நேரான பாடம். அதை விற்ற டேவா நிறுவனத்தின் கோரிக்கையில் மூலக்கூறு எடை 5 முதல் 9 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்றிருந்தது. எந்தச் சராசரி என்று இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய அந்த வழக்கில், பொருள் தெளிவில்லை என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைச் செல்லாததாக்கியது. மருந்துக்கு நேர்ந்தது படலத்துக்கும் நேரலாம்.

ஆகவே விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பில் சராசரியின் பெயர், அளவிட்ட கருவி, கரைப்பான், வெப்பநிலை நான்கையும் எழுதுங்கள். கிருமிநீக்கத்துக்கு முன்பா, பின்பா என்பதை விட்டுவிடவே கூடாது. காமாக் கதிர் ஹயலூரோனிக் சங்கிலியை வெட்டும். ஆலையில் கோரிக்கையின் எண்ணுக்குள் இருந்த பொருள், கதிர்பட்டுப் பெட்டிக்கு வரும்போது அந்த எண்ணுக்கு வெளியே போய்விடும். தடிமனை மைக்ரானில் சொன்னால், உலர்ந்த படலமா, 37 டிகிரி உப்புநீரில் எத்தனை மணி நேரம் ஊறியதா என்று சேர்த்தே சொல்லுங்கள். ஊறினால் அது வீங்கும்.

இன்னொன்று. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் மறுப்பைத் தாண்டுவதற்காக எண்ணைக் குறுக்கினால், குறுக்கி விட்டுக்கொடுத்த பகுதியைப் பின்னாளில் "சமமானதுதான்" என்று வாதாடி மீட்பது மிகக் கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1997-இன் வார்னர்-ஜென்கின்சன் தீர்ப்பும் 2002-இன் ஃபெஸ்டோ தீர்ப்பும் அந்த வழியைப் பெருமளவு அடைத்தன. எந்த எல்லை உண்மையில் தேவை என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே ஆய்வகத்தில் சோதித்து முடித்துவிடுங்கள்.