சத்யம் கணக்குப் பொய்: ஆசையா, பயமா?

[திரையில்: கடிதம், 2009 ஜனவரி 7]

ஹைதராபாத். அப்போது நாட்டின் நான்காவது பெரிய ஐ.டி. கம்பெனியாக இருந்த சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு எழுதுகிறார்: கணக்கில் கையிருப்பாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை.

பேராசைதான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவோம். கடிதம் வேறு கதை சொல்கிறது.

[திரையில்: 649 கோடி / 61 கோடி]

2008 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டைப் பாருங்கள். செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று அறிவித்தார்கள். உண்மையில் வந்தது 61 கோடி! இந்த இடைவெளி முதலில் சின்னதாகத்தான் இருந்தது, வருடா வருடம் பெருத்துவிட்டது என்கிறார் ராஜு. லாபம் குறைவு என்று தெரிந்தால் வேறு யாராவது கம்பெனியைக் கைப்பற்றுவார்கள், அப்புறம் குட்டு உடைந்துவிடும். புலி மேல் சவாரி, இறங்கினால் தின்றுவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் சொன்னது இங்கே பொருந்துகிறது. நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் போகும் வலி பெரிது. அதுவும் நஷ்டம் நிச்சயம் என்றால், அதைத் தவிர்க்க மனிதர்கள் பெரிய ரிஸ்க்கையும் எடுப்பார்கள். ஆதாயத்துக்காகப் பொய் சொல்ல நினைப்பவன், மாட்டினால் இருப்பதும் போகுமே என்று கொஞ்சம் தயங்குவான். நஷ்டத்தின் விளிம்பில் நிற்பவனுக்கு அந்தத் தயக்கம் குறைவு. அவன் கணக்கில் அது திருட்டே இல்லை, சமாளிப்பு. 'அடுத்த காலாண்டில் சரி பண்ணிடலாம்.'

சத்யத்தில் கடைசிச் சமாளிப்பு 2008 டிசம்பரில் நடந்தது. ராஜு குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை சத்யம் வாங்கப்போவதாக அறிவிப்பு. (ஆங்கிலத்தில் சத்யத்தைத் திருப்பி எழுதினால் மேட்டாஸ். ஒளிக்கக்கூட முயலவில்லை.) இல்லாத பணத்தின் இடத்தில் நிஜ சொத்தை உட்கார வைப்பதுதான் திட்டம். முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், சில மணி நேரத்தில் சத்யம் பின்வாங்கியது. மூன்றே வாரத்தில் அந்தக் கடிதம்.

சரி, அப்படியானால் வெறும் பயம்தானா? கம்பெனியிலிருந்து தான் பணம் எதுவும் எடுக்கவில்லை என்று ராஜு எழுதியிருந்தார். ஆனால் அவர் உட்பட ஐந்து பேர் முறைகேடாக 1,849 கோடி ஆதாயம் அடைந்ததாக 2014இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி உத்தரவிட்டது. 2015இல் கீழ் நீதிமன்றம் அவருக்கு ஏழு ஆண்டு சிறை விதித்தது. ஆசைப்பட்டுச் செய்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் திட்டுவோம். பயந்து செய்தேன் என்றால் கொஞ்சம் இரங்குவோம். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கும் இது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.