பல்வலி தானாக நின்றால் பயப்படுங்கள்

வணக்கம் நண்பர்களே. குமுளி சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் கீழே, மலைப்பாதை ஓரத்தில் நிற்கிறேன். பின்னால் உறுமிக்கொண்டு ஏறுபவை கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். ஏலக்காயைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். அதற்குள் ஒரு ஜீப்பில் ஓர் அக்கா, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி உச்சந்தலையில் முடிந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று வீங்கியிருந்தது. வாயைத் திறந்தால் கிராம்பு வாசனை.

"நாலு நாளாக உயிர் போனது தம்பி. நேற்று வலி நின்றுவிட்டது. காய் எடுக்கிற நேரம், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு" என்றார்.

அந்த 'நின்றுவிட்டது' இருக்கிறதே, அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும். கிருமி சாகாது. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். கிராம்புத் தைலம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கினாலும், செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் வடிந்ததுபோல் தெரியும், மறுபடி வரும். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும்.

மேல் கடைவாய்ப் பல் என்றால் சீழ் சைனஸுக்குள் போகலாம். இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு, வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்விலேயே குடியேறலாம். சர்க்கரைக்காரர்களுக்கு இரட்டை அடி: சீழ் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை சீழை வளர்க்கும்.

ஆனால் எனக்குப் பெரிய பயம் கீழ்க் கடைவாய்ப் பல்தான். அதன் வேர் நாக்குக்கு அடியில் உள்ள தசைக்கும் கீழே இறங்கியிருப்பதால், சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் பரவும். தாடைக்கு அடியில் பலகைபோல் இறுகும், நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், மூச்சுக்குழாய் அடைபடும். லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு, இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. இவ்வளவு மருந்து வந்த பிறகும் தப்பு நடக்கிறது: 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்குப் பரவி இறந்தான். 80 டாலர் செலவில் பிடுங்கியிருக்கக்கூடிய பல்!

கூலி போகிறது என்பது நியாயமான கவலைதான். ஜீப்பில் ஏறாதவருக்கு யாரும் பணம் தருவதில்லை. தோட்டத்து மேஸ்திரிகள் யாராவது இதைப் பார்த்தால், தாடையில் துண்டு கட்டி வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள் ஐயா, அரை நாள் கூலியையாவது கையில் கொடுத்து.

கன்னத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். வாய் சரியாகத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறுகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மூச்சுக்குத் திணறுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வரட்டும்.