ஷிஃப்ட், டெலீட், அதற்குப் பிறகு

[திரை: ஒரு கோப்புறை. அதன்மேல் சுட்டி. "நிரந்தரமாக அழிக்கவா?" என்ற கேள்வி. "ஆம்" அழுத்தப்படுகிறது. கோப்புறை மறைகிறது. இரண்டு விநாடி மௌனம்.]

இந்த மௌனம் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். விசையிலிருந்து விரல் எழுவதற்குள் மனம் சொல்லிவிடும்: அழித்தது அதையல்ல, பக்கத்தில் இருந்ததை. உடனே ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்ப்பீர்கள். அங்கே இருக்காது, ஷிஃப்ட் விசையையும் சேர்த்துப் பிடித்துத்தானே அழித்தீர்கள். அல்லது அந்தக் கோப்புறை பென் டிரைவில் இருந்திருக்கும். பென் டிரைவில் அழிப்பதை விண்டோஸ் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புவதில்லை.

அடுத்த பத்து நிமிடங்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். பதறிப்போய் பிரவுசரைத் திறப்பார்கள், மீட்பு மென்பொருள் ஒன்றைத் தேடுவார்கள், பதிவிறக்குவார்கள், கோப்பு தொலைந்த அதே டிஸ்க்கில் நிறுவுவார்கள். தொலைந்த கோப்பின்மேல் ஏறி நின்றுகொண்டு அதைத் தேடுவது மாதிரி. நான் செய்தது இதைவிட மோசம், பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு அப்படி நேர்ந்து, அதனால்தான் இந்த வீடியோவைப் பார்க்கிறீர்கள் என்றால், ஒரு வேலை செய்யுங்கள். பென் டிரைவ் என்றால் முறையாக வெளியேற்றிக் கழற்றிவிடுங்கள். கணினிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் அந்தக் கணினியை அணைத்துவிட்டு, மீதி வீடியோவை வேறு கருவியில் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடியோ ஓடும்போதே பிரவுசர் அதன் துண்டுகளை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

[திரை: கறுப்புப் பின்னணியில் வரிசை வரிசையாக எண்கள்.]

அழித்தல் என்றால் என்ன என்பதற்கு நூலக அட்டை உவமையை, அதாவது அட்டையைக் கிழித்தாலும் புத்தகம் அலமாரியில்தான் இருக்கும் என்பதை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நாம் டிஸ்க்கில் எண்களாகப் பதிந்திருக்கும் பைட்டுகளையே பார்ப்போம்.

டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கப் பல முறைகள் உண்டு. திரையில் இருப்பது அவற்றில் பழைய ஃபேட் முறையில் அமைந்த ஒரு பென் டிரைவின் கோப்புப் பட்டியல். ஒவ்வொரு வரியும் 32 பைட். இந்த வரி பட்ஜெட் என்ற பெயருள்ள கோப்புக்கு உரியது. பெயர் ஆங்கில எழுத்துகளில் இருக்கிறது, முதல் எழுத்து பி. கணினிக்கு அது 66 என்ற எண். பெயரைத் தாண்டிப் போனால் கோப்பு தொடங்கும் இடம், அதன் நீளம்.

இப்போது அழிக்கிறேன். எண்களைக் கவனியுங்கள்.

[திரை: 66 மட்டும் 229 ஆகிறது. மற்றவை அப்படியே.]

அவ்வளவுதான். 66 இருந்த இடத்தில் 229. "இந்த வரி காலி" என்பதற்கான அடையாளம் அது. மீதி எழுத்துகள், தொடங்கும் இடம், நீளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடவே இல்லை.

1991இல் வந்த எம்எஸ் டாஸ் 5இல் அன்டெலீட் என்ற கட்டளை இருந்தது. அழிந்த கோப்புகளை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் முதல் எழுத்தை நம்மிடமே கேட்கும். ஏன் என்று இப்போது புரிகிறதா? அந்த ஒரு எழுத்துதான் அதனிடம் இல்லை.

ஆனால் ஃபேட் முறையில் இன்னொன்றும் அழிகிறது. கோப்பு ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிளஸ்டர் எனப்படும் சிறு அறைகளில் துண்டு துண்டாகக் கிடக்கலாம். எந்த அறைக்குப் பிறகு எந்த அறை என்று காட்டும் சங்கிலி தனியாக ஓர் அட்டவணையில் இருக்கிறது. அழிக்கும்போது அந்தச் சங்கிலி சுழியாக்கப்படுகிறது. ஆகவே தொடங்கும் இடம் தெரியும், நீளம் தெரியும், நடுவில் எங்கெங்கே தாவியது என்பது தெரியாது. தொடர்ச்சியாகத்தான் இருந்திருக்கும் என்று மென்பொருள் ஊகிக்கிறது. பெரும்பாலும் ஊகம் பலிக்கும். சில சமயம், திறந்து பார்த்தால் ஒரு கோப்பின் தலையும் இன்னொரு கோப்பின் வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் கணினிகளின் உள்டிஸ்க்கில் பெரும்பாலும் இருப்பது என்டிஎஃப்எஸ் என்ற வேறொரு முறை. இது சற்று நல்ல பிள்ளை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு, வழக்கமாக 1024 பைட். பெயர், நேரங்கள், துண்டுகள் கிடக்கும் இடங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். அழித்தால் "பயன்பாட்டில் இருக்கிறது" என்ற கொடி இறங்குகிறது, கிளஸ்டர்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன. பதிவு அப்படியே நிற்கிறது. அந்தப் பதிவை வேறு கோப்பு எடுத்துக்கொள்ளும் முன் நீங்கள் வந்துவிட்டால், பெயரோடு கோப்பு திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய 700 பைட்டுக்குள் அடங்கும் சிறிய உரைக் கோப்புகள் வெளியே தனியிடம் கேட்காமல் அந்தப் பதிவுக்குள்ளேயே குடியிருக்கும். கடவுச்சொல் குறித்து வைத்த நான்கு வரிக் கோப்பு இப்படித்தான் சில சமயம் முழுசாகப் பிழைத்து வருகிறது.

[திரை: கோப்புப் பட்டியல் முழுவதும் வெள்ளையாகிறது.]

பட்டியலே போய்விட்டால்? ஃபார்மட் செய்துவிட்டீர்கள், அல்லது கார்டைச் செருகியதும் "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று கணினி மிரட்டுகிறது. பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. இந்த இடத்தில்தான் மீட்பு மென்பொருள்களின் சாமர்த்தியம் தெரியும். தச்சர் மரத்திலிருந்து உருவத்தை எடுப்பதுபோல டிஸ்க்கைச் செதுக்கி எடுப்பது என்று இதைச் சொல்வார்கள்.

பெரும்பாலான கோப்பு வகைகளுக்கு நெற்றியில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும்; 255, 217 என்று முடியும். பிடிஎஃப் கோப்பைத் திறந்து பச்சையாகப் பார்த்தால் முதலில் நிற்பது ஒரு சதவீதக் குறி, அதன்பின் பிடிஎஃப் என்ற எழுத்துகள். ஜிப் கோப்பு பிகே என்று தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் தன் முதலெழுத்துகளை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்றைய வேர்டு கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான் என்பதால், நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் நெற்றியிலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

மென்பொருள் டிஸ்க்கின் முதல் பைட்டிலிருந்து கடைசிவரை இந்த அடையாளங்களைத் தேடிக்கொண்டே போகிறது. கண்டதும் எடுத்து எண்ணிட்டு வைக்கிறது. கோப்பின் பெயர் பொதுவாகத் திரும்பி வராது. ஆயிரக்கணக்கான கோப்புகள் வெறும் எண்களாக வந்து குவியும். உங்களுக்கு வேண்டியது அதற்குள் எங்கோ இருக்கும்.

[திரை: ஒரு படம். மேல் பாதியில் மரக்கிளைகள், வானம். கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம்.]

என் கதைக்கு வருகிறேன். கேமராவிலேயே பழைய படங்களை அழித்து இடம் பண்ணும்போது, அன்று காலை எடுத்தவற்றையும் சேர்த்து அழித்துவிட்டேன். தவறு உடனே தெரிந்தது. ஆனால் வேலை பாக்கி இருந்தது. "மாலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அதே கார்டில் மேலும் நாற்பது படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு படமும், காலி என்று குறிக்கப்பட்ட அறைகளில் போய் உட்கார்ந்தது. காலைப் படங்களின் அறைகள்தான் அவை.

மாலையில் மீட்டபோது வந்ததில் ஒன்று இது. மேல் பாதி பிழைத்தது. கீழ்ப் பாதியின் இடத்தை வேறு படம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஜேபெக்கில் ஓரிடத்தில் கோர்வை அறுந்தால் அதற்குக் கீழே உள்ளதைப் பிரித்தெடுக்க முடியாமல் போகும். அந்தச் சாம்பல் நிறம் அதனால்தான். மரத்தடியில் நின்ற மூன்று பேரில் ஒருவரும் இல்லை, மரம் மட்டும் இருக்கிறது.

மேலெழுதப்பட்டதை மீட்கும் மென்பொருள் கிடையாது. விளம்பரம் எப்படிச் சொன்னாலும் நம்ப வேண்டாம். 1996இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து, அழித்ததை யாரும் மீட்காதபடி 35 முறை மேலெழுதும் வழக்கம் பரவியது. அது அக்காலத்து டிஸ்க்குகளை வைத்துச் சொன்னது. இன்றைய ஹார்டு டிஸ்க்கில் ஒருமுறை மேலெழுதினாலே அந்த இடத்தின் பழைய கதை முடிந்தது.

[திரை: ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அருகருகே.]

இதுவரை சொன்னதெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கும், பெரும்பாலான பென் டிரைவ், மெமரி கார்டுகளுக்கும் பொருந்தும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

எஸ்எஸ்டியில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதன்மேல் நேராக எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியைத் துடைக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். எழுதும் நேரத்தில் துடைத்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும். அதனால் டிரிம் என்ற கட்டளை வந்தது. விண்டோஸில் 2009இல் வெளியான விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை அழித்ததும், "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று இயங்குதளம் எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டி தனக்கு வசதியான நேரத்தில் துடைத்துக்கொள்ளும். துடைப்பதற்கு முன்பே யாராவது அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால், பெரும்பாலான எஸ்எஸ்டிகள் சுழிகளையே நீட்டும்.

இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மென்பொருள் பட்டியலைப் படித்து, உங்கள் கோப்பின் பெயரைச் சரியாகக் காட்டும், அளவைச் சரியாகக் காட்டும், "நல்ல நிலையில் உள்ளது" என்று பச்சைப் புள்ளியும் வைக்கும். மீட்டுத் திறந்தால் முழுக்கச் சுழி. பெயர்ப்பலகை இருக்கிறது, வீடு இல்லை. கட்டண மென்பொருள் வாங்கும் முன் முன்னோட்டத்தில் கோப்பு உண்மையாகத் திறக்கிறதா என்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். பட்டியலில் பெயர் தெரிவதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

கைபேசியின் உள்நினைவகத்துக்கு இந்த வீடியோவால் பயன் இல்லை. அங்கே கோப்புகள், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். காப்புப் பிரதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

[திரை: வேறொரு கணினி. கார்டு செருகப்படுகிறது.]

சரி, கருவிகள். நான் முதலில் கையில் எடுப்பது ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளை அறியும். முகப்பு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அழகை எதிர்பார்க்காதீர்கள். அதனோடு சேர்ந்து வரும் டெஸ்ட்டிஸ்க், டிஸ்க்கில் தொலைந்த பகிர்வுகளை, அதாவது பார்ட்டிஷன்களை, தேடித் தருவது. பெயரோடு கோப்பு வேண்டும், ஹார்டு டிஸ்க், அழித்துச் சற்று நேரம்தான் ஆயிற்று என்றால் ரெகுவா என்ற மென்பொருள் எளிது. மைக்ரோசாஃப்ட்டே 2020இல் விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்ற ஒன்றை வெளியிட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், அதுதான் சங்கடம். ஆனால் அதில் ஒரு நல்ல பிடிவாதம் உண்டு: மீட்கும் டிஸ்க்கும் சேமிக்கும் டிஸ்க்கும் ஒன்றாக இருந்தால் வேலை செய்ய மறுத்துவிடும்.

மற்ற மென்பொருள்கள் அத்தனை கண்டிப்பாக இருக்கமாட்டா. கண்டிப்பு நம்மிடம் இருக்க வேண்டும். மீட்டது எதையும் எடுத்த டிஸ்க்கிலேயே திரும்ப எழுதக் கூடாது. ஒரு படத்தை மீட்டு வைக்கும் இடம், அடுத்து மீட்க வேண்டிய படத்தின் இடமாக இருக்கலாம்.

பொறுமை இருந்தால் இன்னொரு படி மேலே போகலாம். டிஸ்க் முழுவதையும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலில் தேடுவது. டிஸ்க் தடுமாறினால் இது கட்டாயம். டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி முதலில் நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எடுத்து முடித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சாகப்போகும் டிஸ்க்கிடம் கேள்வி கேட்க அதுதான் சரியான வரிசை.

[ஒலி: டிக்... டிக்... டிக்...]

இந்தச் சத்தம் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தால் டிடிரெஸ்க்யூவும் வேண்டாம், எதுவும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டியுங்கள். படிக்கும் தலை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அது பழுதானால் ஒவ்வொரு சுற்றும் தட்டைச் சுரண்டும். மென்பொருளை ஓட்டுவது சுரண்டலை நீட்டிப்பது. தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிபுணரின் வேலை இது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் உங்கள் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

[திரை: ஃபோட்டோரெக் ஓடுகிறது. எண்ணிக்கை ஏறுகிறது.]

இந்த வீடியோவுக்காக என் பழைய மெமரி கார்டு ஒன்றில் அதை ஓட்டினேன். கேமராவில் பலமுறை ஃபார்மட் செய்த கார்டு; கணினியில் திறந்தால் வெற்றிடம். ஒரு மணி நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியே வந்தன. அதில் ஒன்று, முகவரி தெரியும்படி நான் எடுத்த ஓர் அடையாள அட்டையின் படம். இந்தக் கார்டை ஒருவருக்குக் கொடுப்பதற்காகத் தனியே எடுத்து வைத்திருந்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கவனக்குறைவு அல்ல. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12.

[திரை: ஃபார்மட் சாளரம். "வேக ஃபார்மட்" என்ற பெட்டியில் உள்ள குறி நீக்கப்படுகிறது.]

இந்தக் குறியை எடுத்துவிட்டால், விஸ்டா முதல் வந்த விண்டோஸ் எதுவும் இடம் முழுவதிலும் சுழிகளை எழுதிக்கொண்டே போகும். கார்டு பெரிதென்றால் நேரம் பிடிக்கும். அதற்கு முன் அந்த முந்நூறு படங்களையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டேன். மரத்தடிப் படங்களில் ஒன்றாவது முழுதாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை தேடியும் பார்த்தேன். இல்லை.

[திரை: பச்சைப் பட்டை மெல்ல நகரத் தொடங்குகிறது.]