புதிதாக வந்தவரின் பக்கத்தில் யார் நிற்பது?

எல்லாருக்கும் வணக்கம்.

நான் செவிலியராக வேலையில் சேர்ந்த புதிது. இரவு டூட்டி, மணி மூன்று இருக்கும். ஒரு நோயாளி படுக்கையில் நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. காய்ச்சலும் இல்லை. ஆனாலும் மனதுக்குள் ஏதோ உறுத்தல். சீனியர் அக்காவைக் கூப்பிடலாமா? "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்திலேயே நின்றேன்.

நல்லவேளை, அவராகவே வந்தார். நோயாளியின் நெஞ்சையே பார்த்தபடி, "மூச்சை எண்ணினியா?" என்றார். நான் எண்ணவில்லை. பழக்கத்தில் 18 என்று எழுதியிருந்தேன். இருவரும் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணினோம். 28. இருக்கவேண்டியதைவிட அதிகம். டாக்டருக்கு என்னையே போன் செய்யச் சொல்லிவிட்டு, பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். திட்டவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை மூச்சை எண்ணாமல் நான் எழுதியதில்லை.

புதியவரின் கூடவே நின்று வேலை கற்றுத்தரும் இவரைப் போன்ற சீனியரைத்தான் பிரிசெப்டர் என்று நாம் சொல்கிறோம். படித்து முடித்து வருகிறவர் விதிகளைத் தெரிந்துகொண்டு வருகிறார். எது இப்போது அவசரம், எது காத்திருக்கும் என்பது படுக்கை ஓரத்தில்தான் பிடிபடும். செவிலியர் ஆய்வாளர் பாட்ரீஷியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில், ஒரு செவிலியர் தொடக்க நிலையிலிருந்து வல்லுநர் ஆவதை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் நிற்பவரிடம் ஐந்தாம் படிப் பார்வையை எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்? கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி புதியவரை எப்படி உலுக்குகிறது என்பதை இன்னொரு செவிலியர் ஆய்வாளரான மார்லின் கிரேமர் 1974-லேயே எழுதிவிட்டார். அவ்வளவு பழைய செய்தி இது. இன்னமும் ஆட்கள் முதல் வருடத்திலேயே விலகிப் போகிறார்கள்.

மென்டர் வேறு, பிரிசெப்டர் வேறு. பிரிசெப்டர் அதே ஷிப்டில் கூடவே இருந்து, சில வாரமோ சில மாதமோ வேலையைக் கற்றுத்தந்து, தேறிவிட்டாரா என்று மதிப்பிடுபவர். மென்டர் நெடுநாள் துணை. "இந்த வேலை எனக்கு வேண்டாம் போலிருக்கு" என்று மனம் விட்டுச் சொல்லக்கூடிய ஆள். மதிப்பெண் போடுகிறவரிடமே போய் யாராவது அழுவார்களா? அதனால் இரண்டும் இரண்டு பேராக இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பல இடங்களில் கோட்டை விடுவது இன்னொன்றில். பட்டியலில் பிரிசெப்டர் என்று ஒருவர் பெயரை எழுதிவிட்டு, வழக்கமான அத்தனை நோயாளிகளையும் அவர் தலையிலேயே கட்டுகிறார்கள். அவருக்கு ஒரு நிமிடம் நின்று மூச்சை எண்ணிக் காட்ட நேரம் ஏது? "அப்புறம் சொல்றேன்" என்று ஓடுவார். அந்த அப்புறம் வராது. புதியவர் கேட்பதையே நிறுத்திவிடுவார். வார்டில் எனக்கு மிகவும் பயம் தருவது, எதையுமே கேட்காத புதியவர்தான். அதோடு, நன்றாக வேலை செய்கிறவர் எல்லாருக்கும் கற்றுத்தர வந்துவிடாது. அதற்கும் பயிற்சி வேண்டும்.

இங்கே டூட்டி ரோஸ்டர் போடுகிறவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ரோஸ்டரில் பிரிசெப்டரையும் புதியவரையும் ஒரே ஷிப்டில் போடுங்கள். பிரிசெப்டரின் பொறுப்பில் உள்ள நோயாளிகளில் ஒருவரையோ இருவரையோ குறைத்துக் கொடுங்கள்.