ஏப்ரம்ஸ் ஓடைக்குத் திரும்பிய கெளுத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் ஏப்ரம்ஸ் என்றோர் ஓடை இருக்கிறது. 1957-இல், அதன் கீழே அணை ஒன்று எழும்பிய சமயம், அரசு ஆட்களே அந்த ஓடையில் நஞ்சு கலந்தார்கள். தூண்டில்காரர்களுக்குப் பிடித்த டிரவுட் மீன் பெருக வேண்டும், மற்ற மீன்கள் போட்டிக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். செடி வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன்தான் அந்த நஞ்சு. தேசியப் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டு இதைச் செய்தார்கள் என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று செத்த மீன்களில் விரல் நீளம்கூட வராத ஒரு கெளுத்தியும் இருந்தது. எடுத்து வைத்த சிலவற்றை ஆராய்ந்து 1969-இல் அதைப் புதிய இனமாக அறிவித்தார்கள். ஸ்மோக்கி மேட்டம் என்பது அதன் பெயர். அறிவிக்கும்போதே, இனம் அழிந்துபோயிற்று என்றுதான் எண்ணினார்கள். பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் ஒரே நாளில் கிடைத்த மாதிரி.

1980-இல், பக்கத்துச் சிட்டிகோ ஓடையில் அதே கெளுத்தி உயிரோடு அகப்பட்டது.

சரி, அங்கிருந்து நாலைப் பிடித்து இங்கே விட்டால் ஆகாதா? அதன் ஆயுசே ஏறக்குறைய இரண்டு வருஷம்தான். ஒரு கூட்டில் சராசரியாக முப்பத்தைந்து முட்டைதான் இருக்கும். வளர்ந்த மீனை அள்ளினால் இருக்கிற ஒரே இடமும் காலியாகிவிடும். தானாக நீந்தி வரவும் வழியில்லை, நடுவில் அணையும் நீர்த்தேக்கமும் நிற்கின்றன. ஆகவே முட்டையைத் தேடினார்கள். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, ஆழமில்லாத தண்ணீரில் குப்புறக் கிடந்தபடி, தட்டைக் கல் ஒவ்வொன்றாக மெல்லத் தூக்கிப் பார்க்கிற வேலை. அடியில் முட்டைக் கொத்து இருந்தால் பக்கத்திலேயே காவலுக்கு ஓர் ஆண் மீன் இருக்கும். இந்தக் குடும்பத்தில் பிள்ளை காப்பது அப்பன்தான். முட்டைகளைக் கொண்டுபோய்த் தொட்டியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, 1986 முதல் ஏப்ரம்ஸில் விட ஆரம்பித்தார்கள். நாக்ஸ்வில் நகரத்துக் கன்சர்வேஷன் ஃபிஷரீஸ் என்ற சிறிய நிறுவனம் இந்த வேலையைப் பல வருஷம் விடாமல் செய்தது.

விட்ட மீன் உயிரோடிருப்பது மட்டும் போதாது, அங்கேயே இனம் பெருக வேண்டும். பகலில் இந்தக் கெளுத்தி கல்லை விட்டு வெளியே வராது. அதனால் இரவில் விளக்கோடு இறங்கித்தான் கணக்கெடுக்கிறார்கள். அப்படித் தேடியபோதுதான், யாரும் கொண்டுவந்து விடாத, அந்த ஓடையிலேயே பிறந்த மீன்கள் தென்பட்டன.

கூடவே விட்ட இன்னொரு சிறு மீன், ஸ்பாட்ஃபின் சப், ஏப்ரம்ஸில் நிலைக்கவேயில்லை. வருஷக்கணக்கில் விட்டுப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அதையே டெல்லிகோ ஆற்றில் விட்டார்கள். அங்கே குஞ்சு பொரித்துப் பெருகியது.

நன்றி, வணக்கம்.