கரண்ட் போனால் ஓடுமா?

நேயர்களுக்கு வணக்கம். வேதாரண்யம் பக்கத்தில் முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறவன் நான். மாடியில் சோலார் வைப்பது பற்றி இன்று வானொலியில் பேச வந்திருக்கிறேன். பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நம்மைக் கடந்தது. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. என் மைத்துனர் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் இருந்தது. இரண்டு பேனல் போய்விட்டது, மீதி தப்பியது. மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில். தெருவே குடத்தோடு வாசலில் நிற்கிறது. "உங்க வீட்லதான் சோலார் இருக்கே, மோட்டாரைப் போடுங்க!" அவரும் சுவிட்சைப் போடுகிறார், போடுகிறார், மோட்டார் அசையவில்லை. "இருந்தும் குடுக்க மனசில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓர் ஆயா காலிக் குடத்தோடு போனார். மைத்துனருக்கு அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை.

சோலார் பழுதில்லை. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அந்த லைனில் கரண்ட் இருந்தால்தான் ஓடும். இல்லையென்றால் நம் மாடிக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை அடித்துவிடும். அதனால் அது தானாகவே நின்றுவிடுகிறது. வாங்கும்போது இதை யாரும் மைத்துனரிடம் சொல்லவில்லை. ஆகவே முதல் கேள்வி இதுதான்: கரண்ட் போனால் ஓடுமா? ஓட வேண்டுமென்றால், பேட்டரியிலும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

சரி, அந்த இரண்டு பேனல் ஏன் போயிற்று? காற்று என்றார்கள். நான் மாடியில் ஏறிப் பார்த்தேன். போல்ட் முறுக்கு போல உதிர்ந்தது! உப்புக்காற்று மூன்றே வருஷத்தில் தின்றிருக்கிறது. நம் ஊரில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது, பார்க்கிறோம் இல்லையா? மாடியில் இருப்பதை மட்டும் விட்டுவிடுமா? அன்றிலிருந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று என் சட்டைப் பையிலேயே இருக்கும். போல்ட்டில் வைப்பேன். டக்கென்று ஒட்டினால் சாதா இரும்பு, திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்டெயின்லெஸ் என்றால் லேசாக இழுக்கலாம், அவ்வளவுதான். அதிலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், 304 ரகம் நம் காற்றுக்குப் போதாது. அது எந்த ரகம் என்று காந்தம் சொல்லாது. ஸ்டாண்டு சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். வெள்ளி பெயின்ட் அடித்துவிட்டு ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு என்பார்கள், ஏமாறாதீர்கள். பேனலைக் கழுவப் போர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், வெள்ளையாக உப்புப் படியும். நல்ல தண்ணீர், அதுவும் விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன்.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், பேட்டரி. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நான்கு யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். புயலும் அப்போதுதான் வருகிறது. ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், நாலு பல்பு என்றால் மூன்று யூனிட் ஆகும். வீட்டில் இருக்கிற 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி, அதாவது ஆசிட் பேட்டரி ஒன்று பாதி வரைதான் இறங்கலாம். அதாவது ஒரு யூனிட்கூடத் தேறாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் பெரும்பகுதியை எடுக்கலாம். ஆயா கேட்டது மோட்டாரை அல்லவா? அது கிளம்பும்போது பலமடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா என்றும் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். மானியம்: மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேட்டரி இதில் சேராது, அது நம் கைக்காசு. அப்புறம், பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். கடல் தண்ணீர் வீட்டுக்குள் எவ்வளவு ஏறியது என்று சுவரில் கறை இருக்கும், அதற்கு மேலே வையுங்கள். மிச்சக் கரண்டை ஈபிக்குக் கொடுப்பதைக் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டர் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், நேரமில்லை. வணக்கம்.